விசாகத்தில் பூக்கும் மரவாழை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் ஊரின் பெயர் குறிஞ்சிப்பிட்டி. புத்தளம் மாவட்டத்திலே, கற்பிட்டிக் குடாநாட்டிலே இருக்கிறது. மேற்கே கடல், கிழக்கே களப்பு, இடையிலே மணல். மலை என்று சொல்ல ஒரு பாறைகூடக் கிடையாது. பிட்டி என்றால் மேடு. அந்த மேடும் காற்று இன்றைக்குக் குவித்து நாளைக்குக் கலைத்துவிடுகிற மேடுதான். உயர்தர வகுப்பிலே ஐந்திணை கற்பிக்கும்போது, குறிஞ்சி மலைநிலத்துக்கு உரியது, நெய்தல் கடல்நிலத்துக்கு உரியது என்று நான் சொல்லி முடிப்பதற்குள், ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை எழுந்துவிடும். "அப்ப சேர், எங்கட ஊருக்கு ஏன் குறிஞ்சி எண்டு பேர் வந்தது?" வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

ஆனால் அந்தச் சிரிப்புக்குள்ளே ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு நிலத்துக்குரிய பூவை இன்னொரு நிலத்துக்குக் கொண்டுவர முடியுமா? கொண்டுவரலாம் என்றால், எதைக் கொண்டுவரலாம்? இதை எனக்கு விளங்கவைத்தது நூலன்று. ஒரு காட்டுப் பூ. அந்தப் பூவைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

நமது தீவின் தென்மேற்குப் பகுதியை ஈரவலயம் என்கிறோம். ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுகின்ற பகுதி அது. இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களின் தாழ்நிலக் காடுகளும் சிங்கராஜ வனமும் அங்கேதான் இருக்கின்றன. அந்தக் காடுகளின் ஈர மரங்களிலே, தரையைத் தொடாமல், மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு ஓர் ஓக்கிட் வாழ்கிறது. பிரம்பு போல மெலிந்த, கணுக்கள் கொண்ட தண்டுகள் கீழ்நோக்கித் தொங்கும். ஒடுங்கிய இலைகள். பூக்காத காலத்தில் கண்ணிலே படாது. வைகாசி பிறக்கும் வேளையில் அந்தத் தண்டுகளின் நுனிப்பக்கத்தில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பெரிய பூக்கள் கொத்தாக விரியும். உள்ளே நாக்குப்போல் நீண்ட இதழிலே கடும் ஊதா நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். உலகத்திலே வேறெந்த நாட்டுக் காட்டிலும் இது இயற்கையாக வளர்வதில்லை. இலங்கைக்கே உரிய பூ.

இதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று அறிவியற் பெயர்: டென்ட்ரோபியம் மக்கார்த்தியே. 1849ஆம் ஆண்டு முதல் 1880ஆம் ஆண்டு வரை பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்த துவெயிற்ஸ் என்ற ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. 1855இல் இங்கிலாந்தில் வெளிவந்த கேர்ட்டிஸின் தாவரவியற் சஞ்சிகை என்ற புகழ்பெற்ற ஏட்டிலே, வண்ணப்படத்தோடு அது வெளியாயிற்று. அப்போது இலங்கையில் குடியேற்றநாட்டுக் காரியதரிசியாக இருந்து, பின்னர் 1860 முதல் 1863 வரை தேசாதிபதியாகவும் பதவி வகித்தவர் சேர் சார்ள்ஸ் மக்கார்த்தி. அவருடைய மனைவியின் பெயரால் பூவுக்குப் பெயர் சூட்டினார்கள். ஒரு பெரிய உத்தியோகத்தரின் மனைவி என்பதற்காக ஒரு பூ அவர் பெயரைச் சுமந்து நிற்கிறது. அந்தக் காலத்து வழக்கம் அது, குறைசொல்லிப் பயனில்லை.

மற்றப் பெயர் காட்டோரத்துக் கிராமத்தவர்கள் இட்டது. வெசாக் மல். வெசாக் மாதத்திலே பூக்கும் மலர். பெயரைக் கேட்டதுமே எப்போது காட்டுக்குள் போனால் பூவைக் காணலாம் என்பது தெரிந்துவிடுகிறது. ஒரு பெயர் சீமாட்டியைச் சொல்கிறது. மற்றப் பெயர் பூவைச் சொல்கிறது.

தமிழிலே இதற்கு என்ன பெயர் என்று கேட்டால், பெரும்பாலும் "ஓக்கிட்" என்போம். அதுவும் கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வந்த சொல். தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரை ஒரே மூச்சில் அடுக்கிய மொழியில், நம் தீவின் பூவுக்கு அழைக்க ஒரு சொல் வழங்கவில்லை. தமிழாசிரியனான எனக்கு இது உறுத்தலாகவே இருந்து வந்தது.

உறுத்தலோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் ஒரு தவறு செய்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு சப்பிரகமுவப் பக்கம் ஒரு பயணம் போய்த் திரும்பும்போது, வீதியோரத்தில் ஒருவர் தேங்காய் மட்டையிலே கட்டிய செடிகளை விற்றுக்கொண்டு நின்றார். ஈரப் பாசி சுற்றிய வேர்கள், தொங்கும் தண்டுகள், ஒன்றிலே இரண்டு மொட்டுகள். "வெசாக் மல்" என்றார். அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்க மனம் வந்திராது. அதனால்தான் கேட்கவில்லை என்று இப்போது எண்ணுகிறேன். குறிஞ்சிப்பிட்டியிலே ஒரு குறிஞ்சிப் பூ இருக்கட்டும், பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று மனத்துக்குள் ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு வாங்கி வந்தேன். வீட்டு முற்றத்துப் பூவரச மரத்திலே தும்புக் கயிற்றால் கட்டினேன். காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீர் தெளித்தேன்.

மொட்டு இரண்டும் விரியாமல் உதிர்ந்தன. பக்கத்து வீட்டிலே ஒரு மூதாட்டி இருக்கிறார். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வடமாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து பிள்ளைகளோடு இந்த மணலுக்கு வந்து சேர்ந்தவர். நான் தண்ணீர் தெளிப்பதை வேலிக்கு அப்பால் நின்று சில நாள் பார்த்தார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் சொன்னார்: "மாஸ்டர், எங்கட கிணத்துத் தண்ணி தென்னைக்குச் சரி. மழைத்தண்ணியக் குடிச்சு வளந்த செடிக்கு இந்த உவர் ஏறுமா? வந்த புதுசில எங்களுக்கே தொண்டையால இறங்கல்ல." அவர் தாவரவியல் படித்தவரல்லர். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. அடுத்த வைகாசி வருவதற்கு முன்பே தண்டுகள் சுருங்கி, வைக்கோல் நிறமாகிச் செத்துவிட்டது.

பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன். முன்பே படித்திருக்க வேண்டியவை அவை.

முதலாவது, மரத்திலே தொற்றி வளர்வதெல்லாம் குருவிச்சை அல்ல. குருவிச்சை தன் வேரை மரத்துக்குள் செலுத்தி அதன் சாற்றை உறிஞ்சி வாழ்வது, ஒட்டுண்ணி. இந்த ஓக்கிட்டோ மரத்திடமிருந்து ஒரு துளியும் எடுப்பதில்லை. இருக்க இடம் மட்டும் கேட்கிறது. விஞ்ஞான பாடத்திலே இத்தகையவற்றை மேலொட்டி என்பார்கள். அதன் வேர்களைச் சுற்றிக் கடற்பஞ்சு போன்ற வெண்ணிறப் படலம் ஒன்று உண்டு. மழை பெய்யும்போது நீரையும், அந்த நீரோடு கரைந்து வரும் சிறு சத்துகளையும் அது உடனே பிடித்து வைத்துக்கொள்கிறது. மண்ணிலே வேரூன்றிய மரம் நாளைக்கும் தண்ணீர் தேடலாம். மேலொட்டிக்கு இன்றைய மழை, காட்டின் ஈரமூச்சு, மரப்பட்டையின் பாசி, இவைதாம் கிணறு. அதற்கு நான் கொடுத்தது உவர்த் தண்ணீரும் உப்புக் காற்றும்.

இரண்டாவது, அதன் விதை. ஓக்கிட் விதை தூசியிலும் நுண்ணியது. ஒரு காயிலே ஆயிரக்கணக்கில் இருக்கும். சில இனங்களில் இலட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் நெல்லுக்குள்ளே அரிசி இருப்பதுபோல, முளைக்கும் கருவுக்கு உணவாக அதற்குள் எதுவும் இல்லை. தாய் கட்டிக்கொடுக்காத பிள்ளை அது. காட்டிலே மரப்பட்டையில் வாழும் ஒருவகை நுண்ணிய பூஞ்சணம் அந்த விதைக்குள் புகுந்து உணவூட்டினால்தான் அது முளைக்கும். 1899ஆம் ஆண்டிலே நோயெல் பேர்னார் என்ற பிரெஞ்சு அறிஞர் இதைக் கண்டறிந்தார். அதாவது, காட்டிலிருந்து செடியை மட்டும் பெயர்த்து வரலாம். அதை முளைப்பிக்கும் கண்ணுக்குத் தெரியாத உறவைப் பெயர்த்து வர முடியாது. என் முற்றத்திலே அது ஒருவேளை பூத்துக் காய்த்திருந்தாலும், அதன் விதை அந்தப் பூவரசிலே முளைத்திருக்கப் போவதில்லை.

மூன்றாவது, காற்று. இதுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. வைகாசியிலே எழும் தென்மேற்குப் பருவக்காற்றை நாங்கள் சோழகம் என்போம். அந்தக் காற்று சிங்கராஜவிலும் சப்பிரகமுவ மலைச்சாரலிலும் மோதி மழையாக இறங்குகிறது. அதே காற்று எங்கள் கரையிலே மழை தராமல், மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டு போகிறது. ஒரே காற்று, ஒரே மாதம். அங்கே பூ விரிகிறது. இங்கே மணல் பறக்கிறது.

நேயர்களே, இதைத்தான் நம் முன்னோர் திணை என்றார்கள். முதற்பொருள் என்று அவர்கள் சொன்னது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்று சொன்னவற்றுள் பூவும் ஒன்று. முதலைச் சொல்லிவிட்டுத்தான் கருவைச் சொன்னார்கள். நிலமும் பொழுதும் இல்லாமல் பூ இல்லை என்பது அந்த வைப்புமுறையிலேயே இருக்கிறது. நான் இதைப் பல ஆண்டுகள் பரீட்சைக்குரிய விடயமாகக் கற்பித்தவன். ஒரு செடியைச் சாகக் கொடுத்த பின்புதான் அது உண்மையென்று எனக்குத் தெரிந்தது.

இங்கே இலக்கணம் அறிந்த நேயர் ஒருவர் குறுக்கிடக்கூடும். ஒரு நிலத்துப் பூவும் பறவையும் வேறொரு நிலத்திலே வந்தாலும், வந்த நிலத்தின் பொருளாகக் கொள்ளலாம் என்று தொல்காப்பியர் இடம்கொடுத்திருக்கிறாரே என்று கேட்கலாம். உண்மைதான். பாட்டிலே அது பொருந்தும். புலவன் பூவின் பெயரைத்தான் எடுத்து வருகிறான். வேரைப் பிடுங்கி வருவதில்லை. எனக்கு இலக்கணம் இடம் தந்தது; மணல் இடம் தரவில்லை.

குறிஞ்சிப்பாட்டை எடுத்துக்கொள்வோம். 261 அடிகள் கொண்ட அந்தப் பாட்டிலே, தினைப்புனம் காக்கப் போன தலைவியும் தோழியும் பூக்களைப் பறித்து வந்து பாறைமீது குவிக்கிறார்கள். அந்த இடத்திலேதான் கபிலர் 99 பூக்களின் பெயர்களைச் சொல்லிச் செல்கிறார். அந்தக் காட்டிலே பூவுக்குக் குறைவில்லை. இரண்டு இளம்பெண்கள் பறித்துத் தீர்ந்துபோகிற பூக்களல்ல அவை. பறிப்பது அங்கே விளையாட்டு. இன்று நம் காடு அப்படியில்லை. காடு துண்டு துண்டாகச் சுருங்கிவிட்டது. இன்று ஒரு வெசாக் மலரைக் காட்டிலிருந்து எடுப்பது, கபிலரின் பெண்கள் செய்ததுபோல் தோன்றினாலும், அதுவன்று.

அந்தப் பூக்களின் பெயர்களுக்கும் ஒரு கதை உண்டு. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இல் பதிப்பித்தார். அதற்காக ஏடு தேடியபோது, அவர் கையிலிருந்த பிரதிகளிலே சில பூக்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. தருமபுர ஆதீனத்திலே கிடைத்த ஏட்டிலிருந்துதான் அந்த இடம் நிரம்பிற்று. இல்லையென்றால் கபிலர் சொன்ன பூக்களுள் சில, பெயரளவிலும் நமக்கு இல்லாமற் போயிருக்கும். பூ அழிந்தால் பெயர் வெறும் ஒலியாகிவிடுகிறது. பெயர் அழிந்தால் பூ இருந்தும் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. இரண்டையும் காக்க வேண்டியிருக்கிறது.

பெயரைத் தேடும்போது பக்கத்து வீட்டையும் பார்க்கவேண்டும். எங்கள் கற்பிட்டியிலே ஒல்லாந்தர் கோட்டை கட்டிய அதே நூற்றாண்டிலே, கொச்சியில் அவர்களுடைய அதிகாரியாக இருந்த வான் றீட் என்பவர், மலையாள நாட்டுத் தாவரங்களைப் பற்றி ஒரு பெருநூல் செய்வித்தார். 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக அது அம்ஸ்ரடாமிலே வெளிவந்தது. ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ் என்பது அதன் பெயர். இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர் சொன்ன பெயர்கள் அந்த நூலிலே இடம்பெற்றிருக்கின்றன. மரத்தில் வாழும் ஓக்கிட்டுகளுக்கு அங்கே வழங்கும் பெயர் "மரவாழை" என்பதாகும். மலையாளத்திலே மரவாழ என்பார்கள். ஆஞ்ஞிலி, அதாவது நம் அயினி மரத்திலே தொற்றுவதை ஆஞ்ஞிலி மரவாழ என்று குறித்திருக்கிறார்கள். எந்த மரத்திலே வாழ்கிறது என்பதையும் பெயரோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டென்ட்ரோபியம் என்ற அறிவியற் சொல்லைப் பிரித்தால், கிரேக்கத்திலே டென்ட்ரோன் என்பது மரம். பியோஸ் என்பது வாழ்வு. மரத்தில் வாழ்வது என்பதே பொருள். வாழை என்ற நம் சொல்லை வாழ் என்னும் வினையோடு சேர்த்துப் பார்ப்போரும் உண்டு. ஐரோப்பிய அறிஞரும் மலையாள வைத்தியரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இனி, வெசாக் என்ற சொல். வடமொழியிலே வைசாக, பாளியிலே வேசாக, சிங்களத்திலே வெசாக், தமிழிலே வைகாசி. எல்லாம் விசாகம் என்ற ஒரு விண்மீனின் பெயரிலிருந்து பிறந்தவை. முழுநிலவு விசாகத்தை ஒட்டி வரும் மாதம் அது. பௌத்தர்களுக்கு அது புத்தர் பெருமானின் பிறப்பும் ஞானமும் பரிநிர்வாணமும் நிகழ்ந்த நாள். சைவர்களாகிய நமக்கு வைகாசி விசாகம் முருகப் பெருமானின் நாள். அந்த முருகனோ குறிஞ்சி நிலத்தின் தெய்வம். சில ஆண்டுகளில் இரண்டு நாட்களும் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ வரும். சில ஆண்டுகளில் ஒரு மாதம் தள்ளிப்போகும். கணக்கு வேறுபட்டாலும் நிலவு ஒன்றுதான். ஆகவே வெசாக் மல் என்பதை நாம் விசாகப்பூ என்று அழைத்தால், அது கடன்வாங்கிய பெயருமல்ல, புதிதாகப் புனைந்த பெயருமல்ல. ஒரே சொல்லை நம் நாக்கால் சொல்வதுதான்.

பெயரிட்டால் பூ பிழைத்துவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். பெயர் மட்டும் போதாது. 1970களின் முற்பகுதியிலே சிங்கராஜ வனத்துக்குள் இயந்திரங்கள் புகுந்து ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக மரம் தறித்தன. அறிஞர்களும் பொதுமக்களும் எழுப்பிய எதிர்ப்பின் பின்பே 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1978இல் அது உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. விசாகப்பூவோ 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட தாவரங்களுள் ஒன்று. ஆகவே நான் வீதியோரத்தில் வாங்கியது வெறும் செடியல்ல. சட்டம் காத்து வைத்திருந்த ஒன்றை, அறியாமை என்ற பெயரிலே நானும் சேர்ந்து எடுத்திருக்கிறேன். வாங்குபவன் இல்லையென்றால் விற்பவன் மரத்தில் ஏறமாட்டான். விற்றவருக்கு அன்றைய அடுப்பு எரியவேண்டும் என்ற தேவையாவது இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

ஓக்கிட் வளர்க்க ஆசைப்படுவோருக்கு நல்ல வழி இருக்கிறது. 1922ஆம் ஆண்டிலே லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கர், பூஞ்சணத்தின் துணையில்லாமல், சீனியும் உப்புச்சத்துகளும் கலந்த கூழிலே ஓக்கிட் விதையைக் கண்ணாடிக் குழாய்க்குள் முளைக்கச் செய்தார். இன்று கடைகளிலே விற்பனையாகும் ஓக்கிட்டுகள் பெரும்பாலும் இவ்வாறு ஆய்வுகூடத்தில் பிறந்து, தோட்டத்தில் வளர்ந்தவை. அவற்றை வாங்கலாம். காட்டிலே பிறந்ததைக் காட்டிலேயே விடவேண்டும். பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்றால், பேராதனைப் பூங்காவின் ஓக்கிட் மனைக்கு அழைத்துப் போகலாம். அல்லது வைகாசியிலே காட்டு வழிகாட்டியோடு சிங்கராஜவுக்குப் போய், கைகட்டி நின்று அண்ணாந்து பார்க்கலாம். இரக்குவானை, தெனியாயப் பக்கங்களிலே காட்டோரத் தேயிலைத் தோட்டங்களில் நம் மலையகத் தமிழ் மக்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் விசாகப்பூவைத் தமிழிலே பெயர்சொல்லிக் காட்டும் நாள் வருமானால், அது தமிழுக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது.

எங்கள் வீட்டுப் பூவரசிலே அந்தத் தும்புக் கயிறு இன்னும் இருக்கிறது. அவிழ்க்க மனமில்லை. போன வைகாசியிலும் ஐந்திணைப் பாடம் நடந்தது. வழக்கம்போல் ஒரு மாணவி எழுந்து, "எங்கட ஊருக்கு ஏன் சேர் குறிஞ்சி எண்டு பேர்?" என்று கேட்டாள். இந்தமுறை நான் அடுத்த பாடத்துக்குப் போகவில்லை. கரும்பலகையிலே விசாகப்பூ என்று எழுதினேன். அது எப்படியிருக்கும், எங்கே பூக்கும், ஏன் இங்கே பூக்காது, நான் என்ன செய்தேன் என்பதையெல்லாம் சொன்னேன். வகுப்பு சிரிக்கவில்லை. கடைசியாக அந்தப் பிள்ளை கேட்டாள்: "அப்ப சேர், இப்ப அங்க பூத்திருக்குமா?" வெளியே சோழகம் மணலை அள்ளி யன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. "இந்தக் காற்று இங்க வந்திட்டுது எண்டால், அங்க பூத்திருக்கும்" என்றேன்.